பள்ளி ஆய்வகத்துக்கு பன்சன் பர்னர்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஜெட்டைப் பாருங்கள்

ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் "பன்சன் பர்னர் வேணும்" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று வகையை எடுத்து வைப்பார்கள். முதல் வகை சாதா பர்னர். இரும்பு அடிக்கட்டை, பித்தளைக் குழாய், காற்றுத் துளையை மூடித் திறக்க ஒரு வளையம், அவ்வளவுதான். வாயுவைக் கூட்டிக் குறைக்க அதில் வழி கிடையாது. இரண்டாவது வகையில் அடியில் ஓர் ஊசித் திருகும், குழாயின் வாயில் சுடரைப் பிடித்து நிறுத்தும் சிறு மூடியும் கூடுதலாக இருக்கும். மூன்றாவது மெக்கர் பர்னர். அகன்ற வாயும் அதன்மேல் தேன்கூடு போன்ற தட்டும் கொண்டது. முதல் இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், மெக்கர் கொஞ்சம் கூட.

மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்துக்கு இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். மேசையில் நல்ல கேஸ் டேப் இருந்தால் சாதா பர்னரை வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் விலை வித்தியாசம் சொற்பம், அதை மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. மெக்கரின் சூடு சோதனைக்குழாய்க்கு அதிகம், மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். மூசை என்னும் சிறு பீங்கான் கிண்ணத்தைச் சிவக்கச் சுட வேண்டிய வேலை இருந்தால் ஆசிரியர் மேசைக்கு ஒன்று போதும்.

இனி, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். பெரும்பாலோர் பித்தளையின் கனத்தையும் பளபளப்பையும் பார்த்து எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது குழாயைத் திருகிக் கழற்றினால் உள்ளே தெரியும் சின்னஞ்சிறு ஜெட்டை, அதாவது வாயு பீறிட்டு வரும் துளையுள்ள முனையை.

காரணம் பர்னரின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பன்சன் தன் புதிய ஆய்வகத்துக்குச் சூடான, புகையில்லாத சுடர் வேண்டும் என்று கேட்க, அங்கிருந்த கருவி வல்லுநர் பீட்டர் டெசாகா 1855 வாக்கில் இதைச் செய்து கொடுத்தார். அன்று ஊருக்குள் குழாயில் வந்தது நிலக்கரி வாயு. அதில் ஹைட்ரஜன் நிறைய, அது எரியத் தேவைப்படும் காற்று குறைவு. இன்று நம் ஆய்வகங்களில் எரிவது எல்.பி.ஜி. என்னும் புரோப்பேன், பியூட்டேன் கலவை. ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய ஒன்பதரைப் பங்கு காற்று போதும். ஒரு பங்கு புரோப்பேனுக்கு 24 பங்கு வேண்டும், பியூட்டேனுக்கு 31. ஆகவே எல்.பி.ஜி. பர்னரில் வாயு மெல்லிய இழையாக வேகமாகப் பாய வேண்டும், அந்த வேகமே காற்றைத் தாராளமாக உள்ளே இழுக்கும். ஜெட் சிறிதாக இருந்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

எவ்வளவு சிறிது? வீட்டு கேஸ் அடுப்பில் 1 கிலோவாட் சூடு தரும் சின்ன பர்னரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கு அதன் ஜெட் துளை 0.72 மி.மீ. அளவில் இருக்கும். எல்.பி.ஜி.க்கு 0.50 மி.மீ. அளவுதான். பன்சன் பர்னரும் ஏறக்குறைய இதே சூட்டு வரம்பில் வேலை செய்வது. கடையிலேயே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மைக்ரோடிப் பென்சிலுக்குப் போடும் 0.7 மி.மீ. லீட்டைக் கொண்டுபோய் ஜெட் துளையில் மெல்ல விட்டுப் பாருங்கள். அது தாராளமாக உள்ளே போனால் அந்த பர்னர் எல்.பி.ஜி.க்கு ஆகாது. "எல்லா கேஸுக்கும் ஆகும் சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். ஒரே ஜெட் எல்லா வாயுவுக்கும் பொருந்தாது.

தவறான ஜெட் உள்ள பர்னரை எரிய விட்டால் உடனே தெரிந்துவிடும். காற்று வளையத்தை முழுக்கத் திறந்தும் சுடரின் நுனி மஞ்சளாகவே ஆடும். பீக்கரின் அடியில் கரி அப்பும். சுடரும் ஒரு சாண் உயரத்துக்கு எழும், அதன் முன்னால் தலை குனிந்து நிற்பது பதினாறு வயதுப் பிள்ளை.

சுடர் பிடிக்கும் மூடி எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். எல்.பி.ஜி. வேகமாக வரும்போது சுடர் குழாயின் வாயை விட்டு எழும்பி, அந்தரத்தில் நின்று, பிறகு பொசுக்கென்று அணையும். அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். வாயைச் சுற்றி விளிம்பில் சிறு துளைகளோடு இருக்கும் அந்த மூடி, விளிம்போரம் சின்னச் சின்னச் சுடர்களை எரிய வைத்து நடுச் சுடரை அணையாமல் பிடித்துக்கொள்கிறது. வாங்கும்போது மூடி ஆடாமல் இறுகி உட்கார்ந்திருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். சில மலிவான பர்னர்களில் அது வெறும் அலங்காரமாக, துளையே சரியாகப் போடாமல் இருக்கும்.

எழும்பி அணைவதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்று உண்டு. அதைத்தான் ஆசிரியரும் ஆய்வக உதவியாளரும் காதாலேயே கண்டுகொள்ளப் பழக வேண்டும். சுடர் உள்ளே இறங்கி ஜெட்டிலேயே எரிய ஆரம்பிப்பது. "உள்ளே பிடிச்சுக்குச்சு" என்பார்கள். வாயுவைக் குறைத்துவிட்டுக் காற்றுத் துளையை முழுதாகத் திறந்தே வைத்தால் இப்படி ஆகும். குழாய்க்குள் கலவை நகரும் வேகம் சுடர் பரவும் வேகத்தைவிடக் குறைந்துவிடுவதுதான் காரணம். மேலே ஏதோ வெளிறிய சுடர் தெரியும், சில சமயம் பித்தளையின் செம்பால் பச்சை கலந்திருக்கும். சத்தம் மட்டும் மாறிவிடும். வழக்கமான சீரான இரைச்சல் போய், குறுகிய சீறலாகக் கேட்கும். அரைகுறையாக எரிந்த வாயுவின் காட்டமான வாடை வரும். அரை நிமிடத்தில் குழாயும் வளையமும் தொட முடியாத சூடாகிவிடும். இதைக் கவனிக்காத மாணவர் சுடரைச் சரிசெய்ய வளையத்தைத் திருகப் போய்ச் சுட்டுக்கொள்வார். ஆய்வகத்தில் விரல் சுடுவதற்கு இது ஒரு வழக்கமான வழி. பர்னருக்கு வாயு கொண்டுவரும் ட்யூபின் முனையும் அந்தச் சூட்டில் இளகும்.

அப்படி நேர்ந்தால் பர்னரைத் தொடாமல் மேசை டேப்பை மூடுங்கள். ஐந்து நிமிடமாவது ஆற விடுங்கள். வளையத்தைத் திருகிக் காற்றை அடைத்துவிட்டு மறுபடி பற்ற வையுங்கள். வாயுவைக் குறைக்கும் முன் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற வரிசையை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தக் கோளாறு பெருமளவு வராது. ஒரே பர்னர் அடிக்கடி உள்ளே பிடித்துக்கொண்டால் ஜெட்டில் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

அடிக்கட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. பர்னரின் உயரம் 15 செ.மீ. அளவில் இருக்கும். அரைக் கிலோவுக்குக் குறைந்த அடிக்கட்டையை வாங்காதீர்கள். ட்யூபை மாட்டி மேசையில் வைத்து, ட்யூபைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பர்னர் நகரலாம், சாயக்கூடாது.

பர்னரைவிட அதிகம் கெடுவது ட்யூப். ஆய்வகச் சாமான் கடையில் பர்னரோடு சேர்த்து ஒரு செம்பழுப்பு ரப்பர் ட்யூபைச் சுருட்டிக் கொடுப்பார்கள். ஆவியைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒடுக்கிக்கு மாட்டுவதற்கு அது நல்ல ட்யூப், எல்.பி.ஜி.க்கு வேண்டவே வேண்டாம். இயற்கை ரப்பர் எல்.பி.ஜி. போன்ற ஹைட்ரோகார்பனை உறிஞ்சி உப்பி, நாளடைவில் பிசுபிசுத்து வெடிப்பு விடும். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ட்யூபும் ஆகாது. சூட்டில் இளகும், ஆறினால் விறைக்கும், முனையில் தளர்ந்து கழன்றுவிடும். ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த ஆண்டும் அச்சிட்ட எல்.பி.ஜி. ட்யூப்தான் வேண்டும். கேஸ் ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ட்யூபுக்கு ஐந்து வருட ஆயுள் சொல்கிறார்கள். அதை வீட்டுக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலப் புகையும் சூடான கண்ணாடியும் படும் ஆய்வக மேசையில் ஆண்டுக்கு ஒருமுறை ட்யூபை விரலில் வளைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

சுரக்ஷா ட்யூபில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே கம்பிப் பின்னல் இருப்பதால் விறைப்பாக நிற்கும். கனமில்லாத பர்னரை அது தன் வளைவுக்குத் திருப்பிவிடும். கனமான அடிக்கட்டை வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ட்யூப் 75 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம். மிச்சம் மேசை ஓரத்தில் தொங்கினால் யாராவது முழங்கையால் இழுத்துவிடுவார்கள்.

வீட்டு ட்யூபின் உள்விட்டம் பொதுவாக 8 மி.மீ. பர்னரின் வாயு நுழையும் மூக்கு இதற்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். மூக்கில் வரிவரியாகப் பல் இருக்க வேண்டும். ட்யூப் குறைந்தது 2 செ.மீ. ஏற வேண்டும். வெந்நீரில் முனையை நனைத்தால் சுலபமாக ஏறும். எண்ணெய் தடவி ஏற்றாதீர்கள், ஏறிய வழியிலேயே இறங்கிவிடும். இரு முனையிலும் திருகும் கிளிப் போட வேண்டும். நூலோ கட்டுக்கம்பியோ சுற்றுவது கூடாது. கம்பி ட்யூபை அறுத்துவிடும்.

கழன்ற ட்யூப் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு. அரை மி.மீ. ஜெட்டைவிட 8 மி.மீ. ட்யூபின் வாய் பரப்பளவில் 256 மடங்கு பெரியது. ரெகுலேட்டர் விடும் அளவுக்கு மேல் வராது என்றாலும், ஜெட் வழியே கசிவதற்கும் ட்யூப் கழன்று கொட்டுவதற்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். காற்றில் எல்.பி.ஜி. 2 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பற்றும்.

சிலிண்டர் பக்கம் மூன்று விஷயம். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். பள்ளி தன் பெயரில் வீட்டு உபயோகமல்லாத இணைப்பு எடுத்து 19 கிலோ சிலிண்டர் வைக்க வேண்டும். அது ஆய்வகத்துக்கு வெளியே, பூட்டும் வசதியுள்ள, காற்றோட்டமான கம்பிக் கூண்டில், நிமிர்ந்த நிலையில் நிற்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கடைத் திறப்போ தண்ணீர்த் தொட்டிக் குழியோ இருக்கக்கூடாது. மூன்றாவது ரெகுலேட்டர். வீட்டு ரெகுலேட்டர் ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிராம் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. பன்சன் பர்னருக்கும் அதுவே அளவு. 19 கிலோ சிலிண்டர் என்றதும் ஹோட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. நல்ல ஜெட் உள்ள நல்ல பர்னரும் அதில் சீறிப் பாயும், ட்யூபும் கழலும். லோ பிரஷர்தான் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு கிலோ எல்.பி.ஜி. ஏறத்தாழ 12.8 கிலோவாட் மணி சூடு தரும். ஒரு பர்னர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் 80 கிராம் போகும். 12 பர்னர் அரை மணி நேரம் எரிந்தால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிலிண்டர் நாற்பது செய்முறை வகுப்புக்கு வரும். அத்தனையும் ஒரே சமயத்தில் எரியும்போது சிலிண்டரின் வெளிப்புறம் வியர்ப்பதும் குளிர்வதும் இயல்பு. அதற்காக வெந்நீர் ஊற்றுவதோ சாய்த்து வைப்பதோ செய்யக்கூடாது.

இனிப் பற்ற வைப்பது. வகுப்புக்கு முன் சோப்பு நுரையை ட்யூபின் இரு முனையிலும் மேசை டேப்பின் கழுத்திலும் தடவி, பர்னரின் ஊசித் திருகை மூடி, டேப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு கொப்புளம் பெருத்தால் அந்த மேசையில் அன்று வேலை இல்லை. மேசை டேப்பின் கைப்பிடி குழாயோடு ஒரே நேர்கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இதைப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

தலைமுடி கட்டியிருக்க வேண்டும். துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிப் பின் குத்த வேண்டும், ஆசிரியையின் முந்தானைக்கும் அதே சட்டம்தான். பாலியஸ்டர் துணி எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் மேசைக்குப் போகக்கூடாது. நோட்டுப் புத்தகம் ஒரு கைநீளம் தள்ளி இருக்கட்டும்.

பர்னரின் காற்றுத் துளையை அடைத்துவிட்டு, தீக்குச்சியை முதலில் கொளுத்த வேண்டும், அதன் பிறகுதான் வாயு. குச்சியைப் பக்கவாட்டிலிருந்து குழாயின் விளிம்புக்குக் கொண்டுவந்து, டேப்பைத் திறக்க வேண்டும். முகம் பின்னால். நேர் மேலிருந்து குச்சியை நீட்டினால் வாயுவின் வேகமே அதை அணைத்துவிடும். அதற்குள் வாயு சேர்ந்திருக்கும், இரண்டாவது குச்சியில் "பக்"கென்று பிடிக்கும். பற்றவில்லை என்றால் டேப்பை மூடி ஒரு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

மஞ்சள் சுடர் வந்ததும் வளையத்தை மெல்லத் திறந்தால் நீலமாகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சூடுபடுத்தாத நேரத்தில் சுடரை மஞ்சளாகவே விட்டுவைக்க வேண்டும். முழு நீலச் சுடர் சன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரியவில்லை என்று நினைத்து அதன் மேலாகக் கையை நீட்டுவார்கள். மஞ்சள் சுடர் குளிர்ந்தது அல்ல, ஆனால் கண்ணில் படும். அது போதும்.

நமக்கே உரிய ஒரு தொல்லை மின்விசிறி. ஏப்ரல் வெயிலில் விசிறி இல்லாமல் ஆய்வகத்தில் நிற்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் தலைக்கு நேர் மேலே சுழலும் விசிறி சுடரைச் சாய்க்கும், அணைக்கும், உள்ளே இறக்கும். பர்னர் எரியும் மேசைக்கு மேலுள்ளதை நிறுத்திவிட்டுச் சன்னல்களைத் திறந்து வைப்பதே வழி. மூடிய அறையில் பன்னிரண்டு பர்னரை எரிப்பதும் கூடாது.

செய்முறையில் இந்த பர்னர் நன்றாக வேலை செய்கிறதா என்பதைச் சுடர்ச் சோதனை காட்டிக்கொடுக்கும். சுடரின் உள்ளே வெளிர்நீலக் கூம்பு ஒன்று தெரியும். அதன் நுனிக்குச் சற்று மேலேதான் சூடு உச்சம், 1500 டிகிரி செல்சியஸை ஒட்டி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கம்பியை அந்த இடத்தில் காட்டி, நிறமே வராத வரை சுட்டுச் சுத்தம் செய்துவிட்டு, உப்புப் பசையைத் தொட்டுக் காட்ட வேண்டும். செங்கல் சிவப்பு கால்சியம், கருஞ்சிவப்பு ஸ்ட்ரான்சியம், ஆப்பிள் பச்சை பேரியம். சுடர் பிடிக்கும் மூடி சுத்தமாக இருந்தால்தான் இதெல்லாம் தெரியும். முந்தைய வகுப்பில் சிந்திய உப்பு மூடியில் இருந்தால் சோடியத்தின் பொன்மஞ்சள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கம்பியைச் சுடரின் ஓரத்தில் பக்கவாட்டிலிருந்து காட்டச் சொல்லுங்கள், குழாய்க்கு நேர் மேலே பிடித்தால் துளி உள்ளே விழுந்து ஜெட் வரை போகும். வண்ணச் சுடர் காட்டுகிறேன் என்று கிண்ணத்தில் மெத்தனாலை ஊற்றி உப்பைக் கலந்து கொளுத்தும் வேடிக்கை மட்டும் எந்தப் பள்ளியிலும் வேண்டாம். புட்டியிலிருந்து மேலும் ஊற்றும்போது சுடர் புட்டிக்குள் தாவி, எதிரே நிற்பவர்கள் மேல் பீய்ச்சும். அமெரிக்காவில் மாணவர்கள் இப்படிச் சுட்டுக்கொண்டு, அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2014இல் இதை எச்சரித்தே அறிக்கை வெளியிட்டது.

சோதனைக்குழாயில் கால் பங்குக்கு மேல் திரவம் வேண்டாம். இடுக்கியால் வாய்ப்பக்கம் பிடித்து, 45 டிகிரி சாய்த்து, திரவத்தின் மேல்மட்டத்திலிருந்து சூடுபடுத்தத் தொடங்கி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியை மட்டும் அசையாமல் காட்டினால் கீழே பிறக்கும் ஆவி மேலிருக்கும் திரவம் முழுவதையும் தூக்கி எறியும். குழாயின் வாய் எந்த முகத்தையும் பார்க்கக்கூடாது, எதிர் மேசையையும் சேர்த்து.

முக்காலியில் வைக்கும் கம்பி வலையைப் பழைய ஆய்வகங்களில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவே சாம்பல் வெள்ளையாக, விளிம்பு நாராகப் பிய்ந்து நின்றால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்த நார் நுரையீரலுக்குக் கேடு. தட்டித் துடைக்காமல், நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி ஒதுக்கிவிட்டு, செராமிக் நடுவட்டம் உள்ள வலை வாங்குங்கள்.

எந்தச் சோதனைக்கு பர்னர் தேவையில்லை என்று தெரிந்து வைத்திருப்பதும் பாதுகாப்புதான். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்க 60 முதல் 70 டிகிரி போதும், வெந்நீர்த் தொட்டியே அதைத் தரும். இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதைவிட முக்கியம். இலையின் பச்சையத்தை நீக்க ஆல்கஹாலில் கொதிக்க விடுகிறோம். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஆனால் அதன் ஆவி சுமார் 13 டிகிரியிலேயே தீப்பற்றத் தயார். நம் சமவெளி ஊர்களில் வெப்பம் அதற்குக் கீழே போவது அரிது. ஆகவே முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பர்னரை முற்றிலும் அணைத்து, மேசையிலுள்ள மற்ற பர்னர்களையும் அணைத்த பிறகுதான் ஆல்கஹால் புட்டியைத் திறக்க வேண்டும். வெந்நீரில் நிற்கும் சோதனைக்குழாயிலேயே இலை வெளுத்துவிடும்.

"கேஸே வேண்டாம், சாராய விளக்கே பத்திரம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ள முடியவில்லை. சாராய விளக்கின் சுடர் பகலில் தெரியாது, கவிழ்ந்தால் எரியும் திரவம் மேசை முழுக்க ஓடும், சூடாக இருக்கும்போதே ஊற்றி நிரப்பினால் புட்டி பற்றும். பர்னரில் டேப்பை மூடினால் தீ நின்றுவிடும், விளக்குக்கு அந்த வசதி கிடையாது. சிறு பியூட்டேன் கேன் மேல் உட்காரும் பர்னரும் பள்ளிக்கு ஒவ்வாது. கேன் சூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, கேன் மாற்றும்போது கசிகிறது.

கசிவு வாடை வந்தால்: சிலிண்டர் வால்வை மூடு, எல்லாச் சுடரையும் அணை, சன்னல் கதவைத் திற, பிள்ளைகளை வெளியே அனுப்பு. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் விசிறியையும் சேர்த்து. அழைக்க வேண்டிய எண் 1906, வெளியே நின்று அழைக்க வேண்டும். ட்யூப் முனையில் தீப்பிடித்தால் தீயை ஊதி அணைக்க முயலக்கூடாது. வாயுவை மூடினால் தீ தானே நிற்கும். வாயுவை மூடாமல் தீயை மட்டும் அணைத்தால் அறை நிரம்பும். ஆடையில் பற்றினால் ஓட விடாமல் படுக்க வைத்து உருட்டுங்கள், தீப்போர்வையோ ஈரச் சாக்கோ போர்த்துங்கள். விரல் சுட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். இட்லி மாவு, டூத் பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய எதிரி அமிலப் புகை. உப்புப் பகுப்பாய்வு நடக்கும் மாதங்களில் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, காற்று வளையம் திருகவே வராது. மாதம் ஒருமுறை கழற்றி ஈரத் துணியால் துடைத்து உலர வைத்தால் போதும். வளையத்தில் எண்ணெய் விட்டால் தூசி பிடித்து இன்னும் இறுகும். ஜெட் அடைத்தால் இரும்பு ஊசியால் குத்தாதீர்கள். அரை மி.மீ. துளை 0.6 மி.மீ. ஆனாலே வாயு 44 சதவீதம் கூடிவிடும், பிறகு அந்த பர்னர் என்றைக்கும் கரி அப்பும். கழற்றி வெந்நீரில் ஊற வைத்து ஊதுங்கள், பிரஷ் முடி ஒன்றை நுழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜெட்டை மாற்றுங்கள். ஜெட் தனியாகக் கிடைக்கிறதா என்பதைக் கடைக்காரரிடம் பர்னர் வாங்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். இல்லை என்பவரிடம் பர்னரும் வேண்டாம். சென்னையில் பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கமும், வெளியூர் என்றால் மாவட்டத் தலைநகரின் ஆய்வகச் சாமான் கடைகளிலும் விசாரிக்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரு பர்னர் என்ற கணக்கில் 24 பேர் வகுப்புக்கு 12, கூடுதலாக இரண்டு. ஆறு உதிரி ஜெட், மூன்று மூடி, முப்பது கிளிப். சரக்கு வந்ததும் பதினான்கையும் ஒரே நாளில் எரியவிட்டுப் பாருங்கள். வளையத்தை முழுக்கத் திறந்தால் சுடர் நீலமாகி உள்கூம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும், வாயுவைக் கால் பங்குக்குக் குறைத்து வளையத்தையும் அதற்கேற்ப மூடினால் உள்ளே இறங்காமல் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றில் தவறிய பர்னரை அன்றே திருப்பிக் கொடுங்கள். தேறியவற்றுக்கு அடிக்கட்டையில் பெயின்டால் எண் போட்டு, ட்யூப் மாட்டிய தேதியையும் எழுதி வையுங்கள்.